திரைக்குப் பின்னால் பாடியவள்

ஜூன் 7, சனி

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் 'சிங்கின் இன் த ரெயின்' போட்டோம். எனக்கு இது மூன்றாவது தடவை, அம்மாவுக்கும் மகளுக்கும் முதல் தடவை. 1952ல் வந்த படம், கதை நடப்பது 1927ல், ஹாலிவுட் ஊமைப்படத்திலிருந்து பேசும்படத்துக்குத் தாவுகிற நேரம். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாது, ஆனாலும் டொனால்ட் ஓ'கானர் சுவரில் ஓடி ஏறிக் குட்டிக்கரணம் அடித்ததும் "நம்ம நாகேஷ் மாதிரியே உடம்பை வளைக்கிறான்டி" என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். கடைசிப் பகுதியில் வரும் நீளமான பிராட்வே நடனம் மகளுக்குப் பிடிக்கவில்லை. சிட் சாரீஸ் ஆடுவது எனக்குக் கொள்ளை அழகு, ஆனால் கதை அங்கே நின்றுபோகிறது என்று அவள் சொன்னது சரிதான்.

ஜூன் 8, ஞாயிறு

காலையிலிருந்து படத்தில் வரும் லீனா பற்றித்தான் பேச்சு. கீச்சுக்குரல் நடிகை, செடிக்குள் ஒளித்து வைத்த மைக்கைப் பார்த்துப் பேச வராமல் தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்ப, பாதி வசனம் காணாமல் போகும். அப்புறம் மைக்கை நெஞ்சருகே தைத்தால் இதயத்துடிப்பு 'டொப் டொப்' என்று கேட்கும். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம், மகள் மட்டும் சிரிக்கவில்லை. கடைசியில் அவ்வளவு பேர் முன்னால் திரையை இழுத்து, பின்னால் நின்று அவளுக்காகப் பாடிக்கொண்டிருந்த கேத்தியைக் காட்டி லீனாவை அவமானப்படுத்தியது கொடுமை என்கிறாள். கேத்தியைக் காலம் பூரா தனக்குக் குரல் கொடுப்பவளாகவே முடக்கி வைக்கப் பார்த்தவள் லீனா, அதை மறந்துவிடக் கூடாது என்றேன். விடவில்லை அவள். ஆனால் லீனாவாக நடித்த ஜீன் ஹேகன் பிரமாதம் என்பதில் மூன்று பேருக்கும் ஒரே கருத்து, ஆஸ்கருக்குப் பரிந்துரை ஆனதோடு நின்றுபோனதே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

இன்று படித்ததை மகளிடம் சொன்னேன். லீனாவுக்காகக் கேத்தி வசனம் பேசுகிற காட்சியில் நாம் கேட்பது கேத்தியாக நடித்த டெபி ரெனால்ட்ஸின் குரல் இல்லை, ஜீன் ஹேகனின் சொந்தக் குரலேதான். அதே கேத்தி லீனாவுக்காகப் பாடும் 'உட் யூ' பாட்டைப் பாடியது பெட்டி நாய்ஸ் என்ற பாடகி, அவர் பெயர் படத்தின் டைட்டிலில் கிடையாது. குரலுக்குச் சொந்தக்காரி யார் என்று ஊருக்குச் சொல்வதுதான் கதையின் முடிவே, அந்தப் படமே இப்படிச் செய்திருக்க வேண்டாம். அம்மா கேட்டுவிட்டு, "சிலோன் ரேடியோவுல கூட பாடினவங்க பேரைச் சொல்லித்தானே பாட்டு போடுவாங்க" என்றார்.

ஜூன் 14, சனி

அம்மா கேட்டதால் மழைப் பாட்டு மட்டும் மறுபடி. அதில் ஆடும் கதாநாயகன் ஜீன் கெல்லிக்கு அப்போது 103 டிகிரி காய்ச்சலாம். அம்மா அவன் ஆடும் காலைப் பார்க்கவே இல்லை, குடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் முறைத்ததும் ஆட்டத்தை நிறுத்தி, எதிரே வந்த யாரோ ஒருவர் கையில் குடையைக் கொடுத்துவிட்டு அவன் நனைந்துகொண்டே போவான். "பாவம், அந்த ஆளாவது நனையாம போகணுமே", என்றார் அம்மா.