ஹோஸ் வெடித்தால் பெட்டியைப் பிடிக்கப்போவது யார்?

அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கம் டிப்பர் பெட்டியைத் தூக்கிவைத்துவிட்டு அடியில் தலையை விட்டு வேலை செய்கிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு கலங்கும். லிவரை நடுவில் விட்டாச்சு, இனி அசையாது என்று ஒரு நினைப்பு. லிவர் வால்வுக்குள் எண்ணெயின் வழியை மாற்றுகிற ஸ்பூல் என்ற நகரும் தண்டைச் சுற்றி மெல்லிய இடைவெளி இருக்கிறது, எண்ணெய் அதில் கசிந்துகொண்டேதான் இருக்கும், சரி அதையாவது விடுங்கள், அங்கிருந்து பெட்டியைத் தூக்கும் சிலிண்டருக்குப் போகிற ரப்பர் ஹோஸ் வெடித்தால் என்ன செய்வது?

அதனால்தான் சிலிண்டரிலிருந்து எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் சுமை தாங்கும் வால்வைச் சிலிண்டரின் வாயிலேயே பூட்டுகிறார்கள். நடுவில் ஹோஸ் வைத்துப் பூட்டினால் பூட்டாததற்குச் சமம்.

இந்த வால்வுகளில் மலிவானது ஹோஸ் வெடிப்பு வால்வு. எண்ணெய் திடீரென்று பாய்ந்தால் மூடிக்கொள்ளும், ஆனால் மெல்லக் கசிந்தால் அதற்குத் தெரியாது. பைலட் செக் வால்வு, அதாவது இன்னொரு குழாயிலிருந்து அழுத்தம் வந்தால்தான் எண்ணெயைத் திரும்ப விடுகிற ஒருவழி வால்வு, கசிவில்லாமல் பிடிக்கும், பாரத்தோடு இறக்கும்போதுதான் திறந்து மூடி, திறந்து மூடி உதறும். கிரேன், பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) கைகளுக்குக் கவுண்டர்பேலன்ஸ் வால்வுதான் என் தெரிவு, பம்ப் அழுத்தம் வந்தால் மட்டும் அளவாகத் திறந்து நிதானமாக இறக்கும். அதைப் பொதுவாக அதிகபட்சச் சுமை அழுத்தத்தின் 1.3 மடங்குக்குச் செட் பண்ணுவார்கள். சுமை அழுத்தம் 150 பார் (அழுத்த அளவு) என்றால் செட்டிங் 195 பார்.

எது பூட்டியிருந்தாலும் பிஸ்டன் சீல் தேய்ந்தால் சுமை இறங்கலாம், ஆகவே அடியில் போகுமுன் இரும்பு முட்டு கட்டாயம்.

அப்புறம் கவுண்டர்பேலன்ஸ் வால்வில் அந்த அழுத்தத்தைச் செட் பண்ணுகிற திருகு. சில தயாரிப்புகளில் வலப்பக்கம் திருப்பினால் அழுத்தம் கூடாது, குறையும், தூக்கிவைத்த சுமை கீழே வந்துவிடும்.