சுவர் முடிகிற இடம்

“கல்லு எங்க வீடு வரைக்கும் வருமா சார்?”

“இந்த ஃபேஸ்ல இல்லம்மா. அடுத்ததுல பார்க்கலாம்.”

நான் சொன்ன பதிலில் பொய் இல்லை. வரைபடத்தில் கடல் அரிப்பைத் தடுக்க நாங்கள் கட்டும் கல் சுவர், கேட்ட அம்மாவின் வீட்டுக்கு அறுபது மீட்டர் முன்பே நின்றுவிடுகிறது. அதற்கப்பால் அடுத்த கட்டம் என்று ஒரு புள்ளிக்கோடும் இருந்தது. ஆனால் கல்லைப் பற்றிக் கேட்டவரிடம் மணலைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும்.

கல் சுவர் தன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் மணலைப் பூட்டி வைத்துக்கொள்கிறது. கரையோரமாக மணலை அள்ளிக்கொண்டு போகும் அலை அதனால் ஓய்ந்துவிடாது. சுவர் முடிந்ததும் வரும் முதல் வெறும் கரையில் எடுத்துக்கொள்ளும். முனையில் திரும்பும் அலையும் அங்கேதான் அடிக்கும். முனையை நிலத்துக்குள் வளைத்து முடித்தால் சுவர் பிழைக்கும். பக்கத்து வீடு பிழைக்காது. இது பாடப்புத்தகத்திலேயே உள்ள விஷயம்.

சுவர் ஒழுங்காகத்தான் கட்டப்பட்டது. அடியில், தண்ணீரை விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும் ஜியோடெக்ஸ்டைல் துணி, மேலே சிறு கல், வெளியே பெரிய கவசக் கல். துணி விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாவிட்டால் ஒவ்வொரு அலை இறங்கும்போதும் ஒரு பிடி மண் வெளியேறும். மேலே ஒன்றும் தெரியாது, திடீரென்று ஒரு நாள் கல் உள்வாங்கும். அப்படி ஆகாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டோம். உச்சி மட்டத்தில் கடல் மட்ட உயர்வுக்குத் தனி அளவும் சேர்த்தோம். 2006 முதல் 2018 வரை உலக சராசரி ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். நிலமும் அமிழ்ந்தால் கரையில் இருப்பவருக்கு அதையும் கூட்டித்தான் கணக்கு. சுவரடியில் ஆழம் கூடக் கூட, முன்பு தூரத்திலேயே உடைந்த பெரிய அலை உடையாமல் வந்து மோதும். மில்லிமீட்டர்தானே என்று விட முடியாது.

சுவருக்குப் பின்னால் இருந்தவர்கள் முழுக்கத் தப்பினார்கள் என்றும் இல்லை. முன்னால் மணல் போனதும் படகை இழுத்து வைக்க இடமில்லை. மதிப்பீட்டில் கல்லுக்குக் கனமீட்டர் கணக்கு இருந்தது, படகுக்கு ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. கிணற்றில் ஏறும் உப்பு வருவது நிலத்தடியில். கல் அதை மறிக்காது. இருந்தாலும் நாற்பது வீடுகள் நிற்கின்றன. அதற்காகத்தானே கட்டினோம்?

“இந்தச் சுவரால உங்க பக்கம் அரிப்பு கூடும்மா” என்று சொல்லியிருந்தால் எதிர்ப்பு கிளம்பியிருக்கும், வேலை நின்றிருக்கும், அடுத்த புயலில் அந்த நாற்பதும் போயிருக்கலாம். இந்த நியாயம் பல நாள் போதுமானதாக இருந்தது. ஆனால் சொல்லாததால் அவர் வீட்டுக்கு ஒரு நாள்கூட ஆயுள் கூடவில்லையே. சொல்லியிருந்தால் மட்டும் என்ன, வீட்டை விற்றிருப்பார். வாங்குகிறவன் தலையில் விடிந்திருக்கும்.

கேட்டபோது அவர் வாசலில், தார்ப்பாய் போர்த்தி, சிமென்ட் மூட்டைகள் அடுக்கியிருந்தன. புதுத் தளம் போடலாமா வேண்டாமா என்றுதான் கேட்டாரோ என்னவோ. அடுத்த முறை போனபோது தளம் போட்டு, நீர் தெளித்து ஈரச்சாக்கு விரித்திருந்தார்.