நான்கு வரி பேட்சும் எழுபது வரிச் சாட்சியும்

2024 ஐப்பசி மழையில் கும்பகோணத்தில் பெரியப்பாவின் ஜாதகக் கணினி உயிரை விட்டது. விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய பழைய பெட்டி. மதர்போர்டு போய்விட்டது, ஹார்ட் டிஸ்க் மட்டும் பிழைத்தது. அதிலிருந்த ஜாதக மென்பொருள் விபி6 (விஷுவல் பேசிக் 6) என்ற பழைய நிரல்மொழியில் எழுதியது. எழுத்துருவும் யூனிகோடுக்கு முந்தைய 8 பிட் ரகம். எழுதிக் கொடுத்தவர் அந்தத் தொழிலையே விட்டுப் போய்விட்டார். உள்ளே இருபது வருடத்து வாடிக்கையாளர்களின் ஜாதகங்கள். "உன் லினக்ஸ்ல இதை ஓட வச்சுக் குடேன்டா" என்றார் பெரியப்பா.

வைன் இருக்கிறதே என்றேன். அந்தப் பெயரைச் சொன்னதும் பெரியம்மா முகம் மாறியது. ஒயின் ஷாப் இல்லை பெரியம்மா, இது 1993-இல் தொடங்கிய மென்பொருள் என்று விளக்க வேண்டியதாயிற்று. விண்டோஸ் நிரல் ஒன்று விண்டோஸிடம் கேட்கும் ஃபங்ஷன்களை, அதாவது ஒரு வேலையைச் செய்து பதில் தரும் நிரல் துண்டுகளை, வைன் தானே எழுதி வைத்திருக்கிறது. கேட்டதை லினக்ஸிடம் வாங்கிக் கொடுக்கிறது. அதில் விண்டோஸின் நிரல் ஒரு வரிகூடக் கிடையாது.

மென்பொருள் ஓடியது. கட்டம் போட்டது, தசா புத்தி சொன்னது. ஆனால் பழைய ஜாதகப் பட்டியலின் கடைசிப் பெயரில் நின்று கீழ் அம்புக்குறியை அழுத்தினால் பொசுக்கென்று மூடிக்கொண்டது. வைனின் ரிலே லாகைப் போட்டுப் பார்த்தேன். நிரல் கூப்பிடும் ஒவ்வொரு ஃபங்ஷனும் அதில் பதிவாகும். ஒரு நிமிட ஓட்டத்துக்கே பல லட்சம் வரிகள். மூன்று இரவு அதற்குள் கிடந்தேன். கடைசியில் பிடிபட்டது: பட்டியலில் இல்லாத வரிசை எண்ணைக் கொடுத்து அந்த வரியின் எழுத்தைக் கேட்கிறது, அடுத்த நொடி விழுகிறது.

சரி, மைக்ரோசாஃப்ட் ஆவணத்தைப் பார்த்தேன். தவறு நேர்ந்தால் -1 வரும் என்று இருந்தது. அதன்படியே வைனுக்கு நான்கு வரியில் ஒரு பேட்ச் (திருத்தம்) எழுதினேன், மென்பொருள் விழாமல் நின்றது. அன்றைக்கே வைனின் நிரல் இருக்கும் கிட்லேப் தளத்தில் மெர்ஜ் ரிக்வெஸ்ட் போட்டேன், அதாவது என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்டேன். வைனுக்கு இனிஷியல் போதாது, முழுப் பெயர் வேண்டும். அதனால் அப்பா பெயரை விரித்துப் பின்னால் போட்டேன்.

பரிசீலித்தவரிடமிருந்து பாராட்டு வரும் என்று நினைத்தேன். வந்தது ஒரே கேள்வி: விண்டோஸ் இப்படித்தான் செய்கிறது என்பதற்கு டெஸ்ட் எங்கே?

உண்மையில் எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆவணத்தில் இருக்கிறதே, வேறென்ன சாட்சி வேண்டும்? முணுமுணுத்துக்கொண்டே டெஸ்ட், அதாவது ஃபங்ஷனைக் கூப்பிட்டு வரும் பதிலைச் சரிபார்க்கும் சிறு நிரல், எழுத உட்கார்ந்தேன். வைனில் பல டிஎல்எல்களுக்கு (ஃபங்ஷன்களின் தொகுப்புக் கோப்புகள்) டெஸ்டுகளுக்கென ஒரு அடைவு உண்டு. அங்கே எழுதுவதை டெஸ்ட்பாட் என்ற தானியங்கிச் சேவை உண்மையான விண்டோஸ்களில், பல பதிப்புகளில், ஓட்டிக் காட்டும். முடிவு வந்தது. விண்டோஸ் -1 தரவே இல்லை, 0 தந்தது. அது மட்டுமில்லை, பதிலை எழுத நாம் கொடுத்த நினைவக இடத்தில் ஏற்கெனவே இருந்த எழுத்தைத் தொடாமல் அப்படியே விட்டது. என் பேட்ச் அந்த இடத்தையும் துடைத்து வைத்திருந்தது. ஜாதக மென்பொருள் நின்றது என் அதிர்ஷ்டம், அவ்வளவுதான். வேறொரு நிரல் அந்தப் பழைய எழுத்தை நம்பியிருந்தால் அதை நான் கெடுத்திருப்பேன். ஆவணம் சொல்வது ஒன்று, விண்டோஸ் செய்வது இன்னொன்று. பழைய நிரல்கள் எழுதப்பட்டது இரண்டாவதை நம்பி. விண்டோஸ் தப்பாகச் செய்தால் வைனும் அதே தப்பைச் செய்தாக வேண்டும்.

இந்த இடைவெளியில் நண்பன் ஒருவன், "இதுக்குப் போய் ஏன்டா மெனக்கெடுற, 2020-ல எக்ஸ்பி சோர்ஸ் கோடே வெளிய கசிஞ்சுதே, பாத்து எழுதிடு" என்றான். வைனின் விதிப்படி, அதைப் பார்த்தவன் வைன் பக்கமே தலைவைக்கக் கூடாது. விண்டோஸ் கோப்புகளை டிஸ்அசெம்பிள் செய்து, அதாவது இயந்திர மொழியைப் பிரித்துப் படித்து, பார்ப்பதும் ஆகாது. வெளியிலிருந்து கேட்டு, வரும் பதிலை வைத்து எழுத வேண்டும். அவன் அனுப்பிய சுட்டியைத் திறக்காமலே அழித்தேன்.

அப்புறம் எல்லாம் ஒழுங்குமுறைதான். மாற்றங்களை இரண்டு கமிட்டாக, அதாவது தனித்தனிப் பதிவாக, பிரித்தேன். முதல் கமிட்டில் டெஸ்ட் மட்டும். வைன் இன்னும் தவறும் வரிகளுக்கு டூடூ_வைன் என்று குறி. இரண்டாவது கமிட்டில் திருத்தம், கூடவே அந்தக் குறிகளை எடுப்பது. எந்தக் கமிட்டில் நிறுத்தி ஓட்டினாலும் டெஸ்ட் தேற வேண்டும். இரட்டைச் சாய்கோட்டுக் குறிப்புரை எழுதியிருந்தேன், அதை மாற்றச் சொன்னார்கள். தொடர்பில்லாத ஓரிடத்தில் இடைவெளியைச் சரிசெய்திருந்தேன், அதையும் எடுக்கச் சொன்னார்கள். திருத்தம் திரும்பவும் நான்கு வரிதான், வேறு நான்கு வரி. டெஸ்ட் மட்டும் எழுபதைத் தொட்டது.

எல்லாம் சரியானபோது டிசம்பர் வந்துவிட்டது. ஆண்டு வெளியீட்டுக்காக அந்த மாதம் நிரல் உறைநிலைக்குப் போகும்; ஆபத்தில்லாத பிழைத்திருத்தம் மட்டும் உள்ளே போகும், நாளாக ஆக அதுவும் இறுகும். என்னுடையது காத்திருக்கட்டும் என்றார்கள். பொங்கல் போனது. ஜனவரியில் 10.0 வெளிவந்தது. அதற்கப்புறம் ஒருநாள் காலை இரண்டு கமிட்டும் உள்ளே போயிருந்தன. 1994-லிருந்து வைனைப் பராமரிக்கும் அலெக்சாந்தர் ஜூலியார்தான் சேர்த்திருந்தார். இரண்டு வாரத்துக்கொரு வெள்ளிக்கிழமை புதிய பதிப்பு வரும் வழக்கம். பிப்ரவரியில் வந்த 10.1-ஐ பெரியப்பா வீட்டுக் கணினியில் போட்டுக் கொடுத்தேன்.

அவர் கடைசிப் பெயருக்குப் போய் கீழ் அம்புக்குறியை நாலு தரம் அழுத்திப் பார்த்தார். விழவில்லை. ஒரு ஜாதகத்தை அச்சடித்தார். டாட் மேட்ரிக்ஸ் கிரீச்சிட்டு முடித்தது. தாளைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"நவாம்சக் கட்டம் அரை வரி கீழ இறங்கியிருக்கேடா."

லாகை எடுத்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை டெஸ்டிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன்.