டென்னசி ஆற்றங்கரையில், ஜாக் ஹின்சனைத் தேடி

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாஷ்வில்லிலிருந்து டோவர் என்ற ஊருக்குக் காரில் ஒன்றரை மணி நேரம். வருகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 பிப்ரவரியில், யூனியன் எனப்பட்ட வடக்குத் தரப்பின் தளபதி கிராண்ட் பிடித்த டோனல்சன் கோட்டையைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நான் நேரே ஊருக்குள், நீதிமன்றச் சதுக்கத்துக்குப் போனேன்.

ஹின்சன் இந்தப் பக்கத்து வசதியான விவசாயி. அடிமைகளை வைத்திருந்தவர்தான், ஆனாலும் போரில் எந்தக் கட்சியிலும் சேராமல் ஒதுங்கியிருந்தார். கிராண்டே அவர் வீட்டில் சாப்பிட்டதாகச் சொல்வார்கள். அந்த ஆண்டே அவருடைய மகன்கள் ஜார்ஜும் ஜானும் வேட்டைக்குப் போனபோது யூனியன் ரோந்துப் படையிடம் சிக்கினார்கள். கையில் துப்பாக்கி இருக்கிறது, சரி, கெரில்லாக்கள்தான் என்று சுட்டுவிட்டார்கள். உடல்களை இந்தச் சதுக்கத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு, தலைகளை வெட்டி அப்பாவின் வீட்டு வாசல் கம்பங்களில் செருகினார்கள்.

அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது. தனக்கென்றே ஒரு துப்பாக்கி செய்யச் சொன்னார்: 41 அங்குல எண்கோணக் குழல், எடை எட்டுக் கிலோ. தூக்கிக்கொண்டு ஓடியபடி சுடுகிற சாமான் இல்லை அது. எதன்மேலாவது சாய்த்து வைத்துக் காத்துக் கிடக்க வேண்டும்.

காத்துக் கிடப்பதற்கு இந்த ஆறு தோதாக இருந்தது. டென்னசி ஆறு இங்கே வடக்கே பாய்கிறது. தெற்கிலிருந்த யூனியன் படைகளுக்குச் சரக்கு கொண்டுபோன நீராவிப் படகுகள் எதிர்நீரோட்டத்தில் ஏற வேண்டும். தீவுக்கும் கரைக்கும் நடுவே ஆறு குறுகும் இடத்தில் திணறி ஊர்ந்தன. மேலே செங்குத்தான கரை, கீழே தளத்தில் அதிகாரிகள். ஒருமுறை ஒரு கேப்டன், ஒரு படையே சுடுகிறதென்று நினைத்து வெள்ளைக்கொடி காட்டினாராம். பிடிக்கப் போனால் இவர் ஒற்றை ஆள். சரணடைந்தவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது!

அந்த வேகத்தை இப்போது பார்க்க முடியாது. 1944இல் கென்டக்கி அணை வந்ததும் ஆறு ஏரியாகிவிட்டது. கரையில் நின்றால் மீன்பிடிப் படகுகள் எந்தச் சிரமமும் இல்லாமல் போய்வருகின்றன.

கொன்றவர்களின் கணக்காகக் குழலில் அவர் பொறித்த குறிகள் 36. நூறு பேர் வரை இருக்கும் என்பாரும் உண்டு. மகன்களைக் கொன்ற ரோந்துப் படையின் லெப்டினன்ட்டைச் சுட்டதோடு நிறுத்தியிருந்தால் நான் வாதாட வரமாட்டேன். படகில் போனவர்களில் பலருக்கு ஜார்ஜ், ஜான் என்ற பெயர்களே தெரிந்திருக்காது. 1864 நவம்பரில் ஜான்சன்வில்லில் இருந்த யூனியன் சரக்குக் கிடங்கைத் தாக்க வந்த தெற்குத் தரப்புத் தளபதி ஃபாரஸ்டின் படைக்கு வழிகாட்டியதும் இவரே. ஆக, ஒதுங்கியிருந்த மனிதர் கடைசியில் ஒரு கட்சிக்கே போய்ச் சேர்ந்தார். அவரைப் பிடிக்க அனுப்பிய படைகளிடம் சிக்காமல் 1874இல்தான் செத்தார்.

ஜான்சன்வில்லையும் பார்க்கலாம், பூங்காவாக வைத்திருக்கிறார்கள். பழைய ஊரில் ஒரு பகுதி ஏரிக்குள் போய்விட்டது.