மழை நாளில் மறுபடியும் போய்ப் பார்த்த வீடு

முதல் தடவை பார்த்துவிட்டு வெளியே வரும்போதே என் மனைவி எந்த அறை யாருக்கு என்று பிரித்துவிட்டாள். அம்மாவுக்குக் கீழ் அறை, பிள்ளைகள் இருவருக்கும் மாடியில் ஆளுக்கொன்று, தெருவைப் பார்த்த சின்ன அறையில் என் வேலை மேசை. இரண்டு படுக்கையறை வீட்டில் ஐந்து பேர் இடித்துக்கொண்டு வாழ்ந்த எங்களுக்கு அந்தக் கூடத்தின் அகலமே போதுமாக இருந்தது. வாசலில் பெரிய மரம், அகலமான தெரு, சத்தமில்லாத சாயங்காலம். புறநகர்தான், ஆனால் 40 வருடத்துக்கு முன்பே வீடுகள் வந்து நிலைத்துவிட்ட பகுதி. பள்ளியும் கடையும் நடக்கிற தூரம். மறுநாளே முன்பணம் கொடுத்துவிடலாம் என்று பேசிக்கொண்டே வீடு திரும்பினோம்.

கொடுக்கவில்லை. பல தடவை போய்ப் பார்த்த பிறகுதான் கொடுத்தோம்.

தரகர் சொன்ன அளவு, தரைத்தளம் மட்டும் 2,000 சதுர அடி. இரண்டாவது தடவை டேப்போடு போனோம். 40-க்கு 50 என்பது வெளிச்சுவரின் வெளிப்பக்கத்து அளவு. சுவர் 9 அங்குலம் என்பதால் உள்ளே 38.5-க்கு 48.5, அதாவது ஏறக்குறைய 1,867 சதுர அடி. வெளிச்சுவருக்கே 133 சதுர அடி போய்விட்டது. உள்சுவர்களையும் கழித்தால் இன்னும் குறையும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, அளக்கிற முறை அப்படி. ஆனால் இரண்டு வீடுகளை ஒப்பிடும்போது ஒன்றை வெளியிலும் மற்றதை உள்ளேயும் அளந்த கணக்கை வைத்துக்கொண்டு பேசக்கூடாது. மாடிப்படியையும் அளந்தோம். ஒவ்வொரு படியும் 8 அங்குல உயரம். ஏறுவதற்கு 6, 7 அங்குலம்தான் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. கீழ் அறை அவருக்குத்தான் என்பது அப்போது உறுதியாயிற்று.

அன்று எங்களோடு ஒரு மேஸ்திரியும் வந்திருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் பழைய வீடுகளில் மராமத்து பார்த்தவர். நாங்கள் கதவைத் திறந்து உள்ளே கூப்பிட, அவர் வெளியிலேயே நின்றார். "உள்ள அப்புறம் போகலாம் சார். தண்ணி எங்கேருந்து வருது, எங்க போகுதுன்னு முதல்ல பார்த்துடுவோம்."

அவர் முதலில் காட்டியது கேட்டைத்தான். தெருவைவிட கேட் அரை அடி பள்ளத்தில் இருந்தது. பழைய பகுதிகளில் இது சாதாரணமாக நடப்பதாம். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, தெரு வளர்ந்துவிடுகிறது, வீடு அப்படியே நிற்கிறது. அடுத்து வீட்டைச் சுற்றியிருந்த தரை. சுவரை விட்டு வெளிப்பக்கமாக, முதல் 10 அடிக்குள் அரை அடியாவது அது சரிய வேண்டும். பின்பக்கத்தில் போட்டிருந்த சிமென்ட் தளம் நேர் எதிராக, சுவரை நோக்கிச் சரிந்தது. சரிவைக் காட்டும் ரசமட்டத்தை வைத்தவுடனே குமிழி ஒரு பக்கமாக ஓடியது.

அப்புறம் உள்ளே போனோம். வீடு முழுக்கப் பழைய பெயின்ட், பின் அறையின் ஒரு சுவர் மட்டும் புதிது. அந்த அறை வீட்டின் மற்ற பகுதியோடு சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். கீழே தலைமுடி அளவுதான், மேலே போகப்போக அகலமாகி உச்சியில் 4 மில்லிமீட்டர். பூச்சு வெடிப்புதான், வீடென்றால் இருக்கும் என்றார் தரகர். மேஸ்திரி தலையசைக்கவில்லை. பூச்சில் வலை போலப் படரும் மெல்லிய கோடுகளைப் பற்றிக் கவலை வேண்டாம், காயும்போது வருபவை அவை. மேலே அகலமாகிற விரிசல் வேறு: ஒரு பக்கம் கீழே இறங்கி, மற்ற பக்கத்தை விட்டுச் சாய்கிறது என்று அர்த்தம்.

அவருக்கு முதலில் மரத்தின் மேல்தான் சந்தேகம். களிமண் தரையில் பெரிய மரம் ஈரத்தை உறிஞ்சினால் மண் சுருங்கும், அஸ்திவாரம் இறங்கும். வெட்டிவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். திடீரென்று வெட்டினால் சுருங்கிய மண் ஈரம் ஏறி உப்பி, வீட்டைத் தூக்கவும் கூடும் என்றார். இது எனக்குப் புதுச் செய்தி. வீடு வாங்கிய கையோடு மரத்தைச் சாய்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் இரண்டு புள்ளிகள் வைத்து, நடுவே சரியாக 100 மில்லிமீட்டர் அளந்து, பக்கத்திலேயே தேதியும் எழுதினோம். வீட்டுக்காரப் பெரியவர் தடுக்கவில்லை. "பாருங்க தம்பி, நானும் தெரிஞ்சுக்கிறேன்" என்றார். புதுப் பெயின்ட் அடித்த சுவரில் ஓரடிச் சதுர அலுமினியத் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி, காற்றுப் புகாமல் விட்டுவந்தோம். மறுநாள் பிரித்தோம். தாளின் வெளிப்பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். சுவரைப் பார்த்த பக்கத்தில் இருந்தால் ஈரம் சுவருக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் தாள் உள்பக்கம் நனைந்திருந்தது. பெயின்ட்டைக் கொஞ்சம் சுரண்டியதும் முழங்கால் உயரம் வரை வெள்ளை உப்புப் பொடி. தரையிலிருந்து சுவர் உறிஞ்சுகிற ஈரம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான் நிற்கும் என்பதால், மேலிருந்து ஒழுகுவது அல்ல என்று அப்போதே தெரிந்தது.

நான்காவது தடவை மழையில் போனேன். நல்ல மழை பிடித்ததும் பெரியவருக்குப் போன் செய்து, குடையோடு போய் நின்றேன். இந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொண்டது மற்ற நாட்களையெல்லாம்விட அதிகம். தெருத்தண்ணீர் கேட்டுக்கு அடியில் புகுந்து, பக்கவாட்டு நடைபாதையில் வாய்க்கால் மாதிரி ஓடி, நேராகப் பின் அறைச் சுவரடியில் போய் நின்றது. மழை விட்டு அரை மணி நேரமாகியும் அங்கே செருப்பு முங்கும் தண்ணீர். மொட்டைமாடியில் தண்ணீர் இறங்கும் குழாயை இலைக் குப்பை அடைத்திருந்தது. பால்கனிக்கு அடியில் கம்பால் தட்டினால் ஓரிடத்தில் பொக்கைச் சத்தம். உள்ளே கம்பி துருப்பிடித்தால் துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும், கான்கிரீட்டைத் தள்ளிப் பெயர்த்துவிடும்.

விரிசலின் காரணம் எங்களுக்குக் கிடைத்தது சுவரில் அல்ல, காகிதத்தில். பத்திரங்களைப் பார்த்த வழக்கறிஞர், அனுமதி பெற்ற வரைபடத்தில் பின் அறையே இல்லை என்றார். பிற்காலத்தில் சேர்த்துக் கட்டியது. வரைபடத்தோடு ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துப்போனோம். அவர் பின் அறை ஓரமாக ஒரு குழி தோண்டச் சொன்னார். மூலவீட்டின் அஸ்திவாரத்தில் பாதி ஆழம்கூட அந்த அறைக்கு இல்லை. ஆழமில்லாத அஸ்திவாரம், அதன் காலடியிலேயே தேங்கும் தண்ணீர். அறை தனியாக இறங்கியிருக்கிறது. மரத்தின் மேல் பழி இல்லை.

மின்சாரம், குழாய் எல்லாம் எதிர்பார்த்ததுதான். மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லியாம்ப் சுவிட்ச் இல்லை, பல பிளக்குகளில் எர்த் இல்லை. இரண்டு குழாயை ஒன்றாகத் திறந்தால் தண்ணீர் நூலாகிவிடும். பழைய இரும்புக் குழாய் உள்ளே துருவேறிக் குறுகிவிட்டது. எல்லாக் குழாயையும் மூடிவிட்டு ஒரு மணி நேரம் தண்ணீர் மீட்டரைப் பார்த்தோம், முள் நகரவில்லை. கசிவு இல்லை என்பதில் ஒரு நிம்மதி.

இன்னொரு தடவை போனது வீட்டுக்காக அல்ல, தெருவுக்காக. வார நாளில் இரவு 9 மணிக்கு நடந்தோம். எதிர்வீட்டு அம்மா பேச்சுக் கொடுத்தார். பெருமழைக்குத் தெருமுனைச் சாக்கடை பொங்குமாம். ஒரு மனைக்கு ஒரு குடும்பம் என்ற காலத்தில் போட்ட குழாய், இப்போது அதே மனைகளில் அடுக்குமாடிகள். பக்கத்து மனையில் இருப்பதும் பழைய ஒற்றை மாடி வீடு. அதுவும் ஒருநாள் நான்கு மாடியாகும், அன்று எங்கள் கூடத்துக்கு வெளிச்சம் குறையும். விரிசலைச் சரிசெய்யலாம், இதை எந்த மேஸ்திரியும் சரிசெய்ய முடியாது. நானும் மனைவியும் அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான். மற்ற ஜன்னல்களின் வெளிச்சத்தை நாள் முழுக்கக் கவனித்து, கூடம் இருண்டாலும் வாழலாம் என்று தோன்றிய பிறகுதான் சரி என்றோம்.

ஆறு வாரம் கழித்துப் பென்சில் புள்ளிகளை அளந்தோம். 100 மில்லிமீட்டர், மாற்றமில்லை. மழை, வெயில் இரண்டையும் பார்க்க ஒரு வருடமாவது அளக்க வேண்டும், ஆறு வாரம் போதாது என்று பொறியாளர் தெளிவாகவே சொன்னார். தெரிந்துதான் முடிவெடுத்தோம். மராமத்துப் பட்டியலை அவர் மதிப்புப் போட்டுத் தர, அதைப் பெரியவர் முன்னால் வைத்தோம். பாதியை விலையில் குறைத்துக்கொண்டார். பின் அறைக்கு முறையான அனுமதி வாங்கித் தந்த பிறகே பத்திரம் என்பதற்கும் ஒப்புக்கொண்டார். அதற்கு மூன்று மாதம் ஆனது.

குடிபோகும் முன்பே பின்பக்கச் சிமென்ட் தளத்தை உடைத்து, வெளிப்பக்கம் சரியும்படி மறுபடி போட்டோம். கேட் வாசலை உயர்த்தி, நடைபாதையில் மூடிய கால்வாய் எடுத்தோம். தண்ணீர் இப்போது சுவர்ப்பக்கம் வருவதில்லை. ஆனால் நனைந்த சுவர் ஒரு அங்குலம் காய ஏறக்குறைய ஒரு மாதமாகும் என்றும், அதற்கு முன் பூசினால் உப்பு மறுபடி தள்ளும் என்றும் மேஸ்திரி சொல்லியிருக்கிறார். 9 அங்குலச் சுவர் அது. ஐந்து மாதம் ஆகியிருக்கிறது. இப்போதைக்கு அது பூச்சில்லாமல் செங்கல் தெரிய நிற்கிறது, அலமாரியை ஓரடி தள்ளிப் போட்டிருக்கிறோம். புள்ளிகளை மாதம் ஒரு தடவை அளக்கிறேன்.