கலை மேலாண்மை ஆன்லைன்ல படிக்கிறேன், கூத்து ஜமாவுக்கு அதுல என்ன இருக்கு?

ஐடி வேலைல இருந்துகிட்டே ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சுரல் மேனேஜ்மென்ட்ல ஆன்லைன் மாஸ்டர்ஸ் படிக்கிறேன்னு சொன்னா, எல்லாரும் கேக்குறது "ஏன், சபா செகரட்டரி ஆகப் போறியா?"ன்னுதான். யூகே யுனிவர்சிட்டி, பார்ட் டைம். அவங்க ஊர்ல சாயங்காலம் 6 மணி கிளாஸ்னா குளிர்காலத்துல நமக்கு ராத்திரி 11.30, அதுக்கப்புறம் ஃபோரம்ல வேற வாராவாரம் எழுதணும், காலைல ஆபீஸ் ஸ்டேண்டப்ல கேமரா ஆன் பண்ற முகமா அது. அரசு வேலை, இங்கயே பிஎச்டின்னு யோசனை இருக்கறவங்க ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி, வெளிநாட்டு ஆன்லைன் டிகிரி இங்க செல்லுமான்னு யுஜிசி ரூலை ஒரு தடவை படிச்சுடுங்க.

முதல் செமஸ்டர் முழுக்க கலாசாரக் கொள்கை. 1946ல பிரிட்டன்ல ஆர்ட்ஸ் கவுன்சில் வந்தது, அதுக்கு அடித்தளம் போட்டவர் பொருளாதார நிபுணர் கெயின்ஸ், அரசாங்கம் காசு கொடுக்கும் ஆனா அந்தக் காசு எந்த நாடகத்துக்குப் போகணும்னு மந்திரி சொல்லக்கூடாது, இதெல்லாம். நல்லாதான் இருந்துச்சு, ஆனா என்னை நிமிந்து உக்கார வச்சது பாமோல், போவன்னு ரெண்டு பொருளாதாரக்காரங்க 1966ல சொன்ன விஷயம். ஃபேக்டரில மெஷின் வந்தா அதே ஆள் கூடுதலா பொருள் செய்வான், சம்பளமும் ஏறும். நாலு பேர் சேர்ந்து வாசிக்கற பீத்தோவன் குவார்டெட்டுக்கு அன்னைக்கும் நாலு பேர், இன்னைக்கும் நாலு பேர், நேரமும் அதேதான். ஆனா அவங்களும் வெளில ஏறுற சம்பளத்துக்கு ஈடா வாங்கினாதானே பொழைக்க முடியும், அதனால கலைக்கு செலவு ஏறிகிட்டேதான் போகும்.

இதை அப்படியே நம்ம தெருக்கூத்துக்குப் போட்டுப் பாருங்க. கர்ண மோட்சம் கூத்து ராத்திரி ஆரம்பிச்சா விடியத்தான் முடியும், வேகமா ஆடி ஒரே ராத்திரில ரெண்டு ஊரு பாக்க முடியாது. கொத்தனார் கூலி ஏறுது, ஆட்டக்காரருக்கும் ஏத்தித் தரலன்னா அவரு சித்தாள் வேலைக்குப் போயிடுவாரு, போறாங்க.

பட்ஜெட் அசைன்மென்ட்டுக்கு செய்யாறு பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒரு ஜமாவை, அதான் கூத்துக் குழுவை, எடுத்துக்கிட்டேன். அதை நடத்துற வாத்தியார் கணக்கு நோட்டை நீட்டினாரு. மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம் சம்பளம், வேன் வாடகை, அரிதாரம், கட்டை சாமான்னு சொல்ற மர நகை, கிரீடம் ரிப்பேர். சீசனுக்கு முன்னாடியே ஆட்டக்காரங்களுக்கு முன்பணம் வேற, அதுவும் வட்டிக்கு வாங்கின காசு. மாசவாரி கேஷ் ஃப்ளோ போட்டா, கோயில்ல மகாபாரதக் கூத்துத் திருவிழா நடக்குற பங்குனிலேர்ந்து சில மாசம் வரவு, மிச்சம் எல்லாம் பள்ளம். "இதத்தாம்மா நான் இருவது வருஷமா மனசுலயே போட்டுகிட்டு இருக்கேன்"னாரு.

அசைன்மென்ட் டெம்ப்ளேட் உதைச்சது ஆடியன்ஸ்ல. டிக்கெட் வாங்கறவர் யாரு, ஸ்பான்சர் யாருன்னு தனித்தனி கட்டம். எங்க ஊர்ப்பக்கம் திரௌபதி அம்மன் கோயில் கூத்துக்குத் குடும்பத்துக்கு இவ்வளவுன்னு தலைக்கட்டு வரி வசூல் பண்ணுவாங்க, பாதில தூங்கிப் போறவரும் காசு கொடுத்தவர், கூத்தே பாக்காம பெங்களூருல இருக்கறவரும் கொடுத்தவர். இவங்களை எந்தக் கட்டத்துல போடறது? லெக்சரர் "சுவாரசியமான கேள்வி"ன்னு கமெண்ட் போட்டுட்டு அஞ்சு மார்க்கையும் குறைச்சுட்டாரு, அது வேற கதை.

பெரிய கம்பெனிங்க சமூகப் பணிக்குக் கொடுக்கற சிஎஸ்ஆர் காசு கேக்கலாமேன்னா, கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135ல லாபத்துல 2 சதவீதம்னு இருக்கு, ஏழாவது அட்டவணைல கலை, பண்பாடும் இருக்கு. ஆனா அந்தக் காசு வாங்க பதிவு பண்ணின அமைப்பா இருக்கணும், வருமான வரித்துறைல 12ஏ, 80ஜி பதிவு, அப்புறம் சிஎஸ்ஆர்-1 ஃபார்ம்னு வரிசையா பேப்பர். நம்ம ஜமாவுக்கு இருக்கறது நோட்டீஸ்ல போடற ஒரு பேரும் வாத்தியார் செல் நம்பரும்தான். காஞ்சிபுரத்துல கட்டைக்கூத்து சங்கம் 1990லயே ஆட்டக்காரங்களைச் சேர்த்து ஆரம்பிச்சதுதானே, நாமும் பண்ணலாம்னு சொன்னேன், வாத்தியாரும் சரின்னுட்டாரு.

தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டத்துல குறைஞ்சது 7 பேர் வேணும், ஆள் இருக்கு. தலைவர் வாத்தியார், செயலாளர் கூத்துல கோமாளியா வந்து கதையை நகத்துற கட்டியக்காரன் வேஷம் கட்டறவரு, பேசத் தெரிஞ்சவர்னு. பொருளாளர்தான் இன்னும் முடிவாகல. துரியோதனன் வேஷக்காரர் மட்டும் வேணாம்னு எல்லாரும் ஒரே குரல்ல சொல்லிட்டாங்க, அவர் கைல காசு நிக்காதாம்.