டேப்ரூமில் ஒரு டீ மேக்கர்

கம்பெனி செலவில் பீர் குடித்த டீ மேக்கர் இந்த மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு பாட் லீஃப் ஃபேக்டரியில் வேலை. எங்களுக்குச் சொந்தத் தோட்டம் கிடையாது, சுற்றுவட்டாரத்தில் அரை ஏக்கர் ஒரு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூள் போடுகிறோம். நாலரை கிலோ இலை வந்தால் ஒரு கிலோ தூள், அதை மூட்டை கட்டி குன்னூர் ஏலத்துக்கு அனுப்பினால் எங்கள் வேலை முடிந்தது. எங்கள் சின்ன முதலாளி பெங்களூரில் படித்தவர். ஃபேக்டரியின் கீழ்த்தளத்தில் டூரிஸ்ட்டுகளுக்கு ஒரு டேஸ்டிங் ரூம் போட வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை. "அண்ணா, ஊட்டி ரோட்டுல இருக்கிற மாதிரி சாக்லேட், தைலம், டீத்தூள்னு வரிசையா அடுக்கி வைக்கிற கடை வேண்டாம். பெங்களூருல டேப்ரூம்னு பீர் காய்ச்சுற இடத்துலயே ஊத்திக் கொடுக்கிறாங்க பாருங்க, அந்த மாதிரி வேணும். வாங்க, போய்ப் பார்த்துட்டு வரலாம்" என்றார். போனோம். அதற்குப் பிறகும் அவ்வப்போது போய் வந்தோம். வீட்டில் இதை ஆபீஸ் வேலை என்று சொல்லி நம்ப வைத்தது தனிக்கதை.

பெங்களூரிலும் இது பழைய வழக்கமில்லை. இந்திராநகர் நூறடி ரோட்டில் டாயிட் என்ற பீர் காய்ச்சும் பப் திறந்தது 2010ல். அடுத்த ஓரிரு வருடங்களில் பியர் கிளப், ஆர்பர், ஒயிட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ் என்று ஒவ்வொன்றாக வந்து, இப்போது ஏரியாவுக்கு நாலைந்து இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆளுயரத்துக்கு மேல் ஸ்டீல் டாங்குகள், இந்தப் பக்கம் மேசை நாற்காலி. எதைக் குடிப்பது என்று தெரியாதவருக்கு ஒரு பலகையில் குழி வெட்டி, சின்னச் சின்ன கிளாஸில் வெளிர் நிறத்திலிருந்து கறுப்பு வரை வரிசையாக வைத்துக் கொடுக்கிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் டேஸ்டிங் மேசைதான் கண்ணில் வந்தது. அங்கே வெள்ளைப் பீங்கான் கப்புகள், இங்கே கிளாஸ். நாங்கள் ஒவ்வொரு கப்புக்கும் தூளை நிறுத்துப் போட்டு, கொதிநீர் ஊற்றி, ஐந்து நிமிடம் கழித்து வடிகட்டி, ஒரு கரண்டி எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, நாக்கில் சுழற்றி, பக்கத்தில் இருக்கும் தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கப்புக்குப் போய்விடுவோம். பழக்கதோஷத்தில் முதல் கிளாஸ் பீரையும் அப்படியே உறிஞ்சினேன். பக்கத்து மேசையில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். துப்புவதற்கு இடம் தேடினேன்.

எங்களுக்குச் சுற்றிக் காட்ட வந்த ப்ரூவர், அதாவது பீர் காய்ச்சுகிறவர், தர்மபுரிக்காரர், கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவர், என்னைவிட வயதில் சின்னவர். "அண்ணே, துப்பாதீங்க. கசப்பு தொண்டையில இறங்கினாத்தான் தெரியும்" என்றார். சரி என்று விழுங்கினேன். அன்று சாயங்காலத்துக்குள் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது, நாற்பது கப் டீயை ருசி பார்க்கிற மாதிரி நாற்பது கிளாஸ் பீரைப் பார்க்க முடியாது.

அவர் எங்களை டாங்குகளுக்கு நடுவே கூட்டிப்போனார். முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து, ஏறக்குறைய 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. அந்தச் சாற்றை வடித்து, கசப்புக்காக ஹாப்ஸ் என்ற பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து ஈஸ்ட் சேர்க்கிறார்கள். சக்கை மாட்டுக்குப் போகிறது. ஒரு டாங்கின் மேலிருந்து ரப்பர் குழாய் ஒன்று இறங்கி, தரையில் இருந்த சாதாரண பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் மூழ்கியிருந்தது. வாளியில் குமிழி வந்துகொண்டே இருந்தது. அவ்வளவு விலை உயர்ந்த டாங்க், டிஜிட்டல் மீட்டர் எல்லாம் இருக்க, அவர் குனிந்து பார்த்தது அந்த வாளியைத்தான். குமிழி வருகிற வேகத்தை வைத்தே ஈஸ்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். எங்கள் ஃபேக்டரியிலும் மீட்டர் இருக்கிறது, நானும் அதைப் பார்ப்பதைவிட ஒரு பிடி தூளை அள்ளி மூக்கில் வைத்துப் பார்ப்பதுதான் அதிகம்.

அந்த மூக்கு விஷயத்தில்தான் நாங்கள் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பேசினோம். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சிடிசி மெஷினில் அரைபட்டு வரும் இலை பச்சையாக இருக்கும், புல் வாசம் அடிக்கும். அதைப் பரப்பி வைத்தால் காற்று பட்டு, ஒரு மணி நேரம் முன்னே பின்னே, செம்பு நிறத்துக்கு மாறும். நாங்களும் அதை ஃபெர்மென்டிங் என்றுதான் சொல்கிறோம், ஆனால் அதில் ஈஸ்ட்டுக்கு வேலை இல்லை, இலையிலேயே இருக்கும் என்சைம் செய்கிற காரியம். புல் வாசம் போய் ஒரு மாதிரி பழ வாசம், ஆப்பிள் வாசம் என்றே சொல்லலாம், அது எழும்பும்போது டிரையருக்கு அனுப்பிவிட வேண்டும். ஐந்து நிமிடம் பிந்தினால் கப்பில் உயிர் இருக்காது. இதைச் சொன்னதும் அவர் சிரித்தார். அவர்களுக்கு ஆப்பிள் வாசம் வந்தால் தலைவலி. பச்சை ஆப்பிள் வாசம் அடிக்கிற பீர் இன்னும் பக்குவப்படாத பீர், ஈஸ்ட் தன் வேலையை முடிக்காமல் அசெட்டால்டிஹைடை அப்படியே விட்டிருக்கிறது என்று அர்த்தம், இன்னும் சில நாள் டாங்கிலேயே கிடக்க வேண்டும். அவர் வாரக்கணக்கில் காத்திருக்கிறார், நான் நிமிடக்கணக்கில் ஓடுகிறேன். குளிரில் மெதுவாகப் பக்குவப்படும் லாகர் வகை பீர் மாதக்கணக்கில் டாங்கை அடைத்துக்கொள்ளும் என்பதால் சின்ன இடங்கள் பெரும்பாலும் சீக்கிரம் தயாராகும் ஏல் வகைகளைத்தான் போடுகின்றன என்றும் சொன்னார். எங்கள் ஊரில் பீக் சீசனில் இலை வந்து குவிந்து, அதை வாட்டும் நீளத் தொட்டியான வாடல் ட்ரஃபில் இடமில்லாமல் தவிப்போமே, அதே கணக்கு.

அப்புறம் தண்ணீர். பீரில் பெரும்பகுதி தண்ணீர்தான், டீயில் கேட்கவே வேண்டாம். செக் நாட்டு பில்சனில் தண்ணீர் மென்மையானது, அதனால் அங்கே வெளிர் நிற லாகர் வந்தது. இங்கிலாந்தின் பர்ட்டனில் ஜிப்சம் கலந்த கடினநீர், கசப்பான பேல் ஏல் அங்கே எடுபட்டது. இப்போது ப்ரூவர்கள் தண்ணீரை ஆர்.ஓ.வில் சுத்தமாக்கிவிட்டு, எந்த பீர் வேண்டுமோ அதற்கேற்ற உப்புகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் ருசி பார்ப்பது மென்மையான மலைத் தண்ணீரில். அதில் எந்தத் தூளும் கொஞ்சம் நன்றாகத்தான் தெரியும்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. ஏழு மணிக்கு மேல் கூட்டம் சேர்ந்ததும் அந்தத் தர்மபுரிக்காரர் பூட்ஸைக் கழற்றிவிட்டு வெளியே வந்து கவுண்டர் ஓரமாக நின்றுகொண்டார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. "பாதி கிளாஸை மிச்சம் வச்சிட்டு வேற ஆர்டர் பண்றாங்கன்னா அதுதாண்ணே எனக்கு ரிப்போர்ட்" என்றார். எனக்கு வரும் ரிப்போர்ட் வேறு மாதிரி. வாராவாரம் ஏலத்தில் எங்கள் லாட்டுக்கு என்ன விலை போனது, புரோக்கர் என்ன எழுதியிருக்கிறார், கலர் குறைவு, கொஞ்சம் ஸ்ட்ரென்த் போதாது, அவ்வளவுதான். அந்தத் தூள் அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போகிறது, எதோடு கலக்கிறார்கள், என்ன பெயர் பாக்கெட்டில் போகிறது, எதுவும் எனக்குத் தெரியாது. அப்பா அரசு தேயிலைக் கழகமான டேன்டீயில் இருந்தார், ஓய்வு பெறும்வரை டீயோடு இருந்த மனிதர், அவரும் தான் பார்த்த டீயைத் தெரியாத ஒருவர் குடித்து முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. லாட் விலை நன்றாக வந்தால் நல்ல டீ என்று நாங்களே சொல்லிக்கொள்கிறோம்.

எல்லா இடமும் அப்படி இருந்தது என்று சொல்லமாட்டேன். ஒரு பெரிய இடத்தில் பாட்டுச் சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. எதைக் கேட்டாலும் 'சிட்ரஸி, ஃப்ரூட்டி' என்று மனப்பாடமாக ஒப்பித்தான் பரிமாறிய பையன். ப்ரூவர் எங்கே என்று கேட்டால் வாரத்தில் இரண்டு நாள் வருவார் என்றான். அங்கே டாங்க் வெறும் அலங்காரம். பில்லைப் பார்த்து சின்ன முதலாளியே மௌனமாகிவிட்டார்.

நம் மலையில் இதெல்லாம் புதுசு என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கேயே பீர் காய்ச்சியிருக்கிறார்கள், குளிர் இருக்கிறது, பட்டாளம் இருக்கிறது, வேறென்ன வேண்டும். 1915ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஐந்து சின்ன ப்ரூவரிகளைச் சேர்த்து யுனைடெட் ப்ரூவரீஸ் ஆக்கினாரே, அதில் கேஸில் ப்ரூவரியும் நீலகிரி ப்ரூவரியும் உண்டு. இன்று இங்கே டேப்ரூம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். போதாததற்கு, காலி பாட்டில் காட்டில் உடைந்து கிடந்து மிருகங்கள் காலைக் கிழிக்கிறது என்று கோர்ட்டு வரை போய், 2022ல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாயைத் திருப்பித் தருகிற திட்டமே நீலகிரியில்தான் ஆரம்பித்தது. அந்தத் திட்டம் நல்ல திட்டம்.

சரி, எங்கள் டேஸ்டிங் ரூமுக்கு வருகிறேன். கவுண்டரில் நான் நிற்க வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். சேல்ஸுக்கு ஒரு பெண்ணைப் போடலாம், யூனிஃபார்ம் கொடுக்கலாம் என்று பெரிய முதலாளி சொன்னார். ஃபேக்டரியில் வேலை பார்க்கிறவனை நிறுத்தினால் ஷிஃப்ட்டை யார் பார்ப்பது என்பது அவர் கேள்வி, நியாயமான கேள்விதான். கடைசியில் சாயங்காலம் இரண்டு மணி நேரம் என்று முடிவானது. பலகையில் குழி வெட்டிய அதே ஏற்பாடு, மூன்று கப். ஒன்று அன்றன்று போட்ட சிடிசி, ஒன்று சின்ன ரோலரில் இலையை உருட்டிப் போட்ட ஆர்த்தடாக்ஸ், இன்னொன்று டிசம்பர் ஜனவரியில் உறைபனி நாட்களில் எடுத்த இலை. மூன்றும் பால் சர்க்கரை இல்லாமல். முதல் வாரம் வந்தவர்களில் பாதிப்பேர் சாக்லேட் டீ இல்லையா என்றார்கள், மீதிப்பேர் சர்க்கரை கேட்டார்கள். சிடிசிக்குப் பால் ஊற்றித்தான் பார்க்க வேண்டும், நாங்களே ஏலத்துக்கு முன்னால் பால் ஊற்றித்தான் பார்ப்போம், எனவே அதில் நான் விட்டுக்கொடுத்தேன். சர்க்கரை தனியாக வைத்தோம். உறைபனி டீ கப் பெரும்பாலும் மிச்சமாகத்தான் திரும்பி வந்தது. விலையைக் கேட்டு ஆச்சரியப்பட்டவர்கள் அதிகம், வாங்கினவர்கள் குறைவு.

ஒரு நாள் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வேனில் வந்தது. ஸ்டவ், அரிசி, பருப்பு, குடிதண்ணீர் கேன் என்று வீட்டையே ஏற்றிக்கொண்டு வருவார்களே, அந்த மாதிரி. அந்த அம்மா சிடிசி கப்பைக் குடித்துவிட்டு, "இது கடையில வாங்குற தூள் இல்ல தம்பி, எங்களுக்கு வர்றது மட்டமான தூளு" என்றார். அவர் சொன்ன பாக்கெட்டில் இருப்பதும் எங்கள் ரகத் தூள்தான், எனக்குச் சந்தேகமே இல்லை. வேனிலிருந்து அவர்கள் ஊர்த் தண்ணீரைக் கொஞ்சம் வாங்கி, அதே தூளை, அதே எடைக்கு, அதே ஐந்து நிமிடம் போட்டேன். இரண்டு கப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எங்கள் தண்ணீரில் போட்டது பளிச்சென்று செம்பு நிறம். அவர்கள் தண்ணீரில் போட்டது கறுத்து, மங்கி, மேலே மெல்லிசாக ஓர் ஏடு, கப்பின் ஓரத்தில் பழுப்பாக ஒரு வளையம். "ஆமா, எங்க வீட்டுல இப்படித்தான் ஏடு கட்டும்" என்றார். அவர் கணவர் குனிந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளா கடைக்காரனைத்தான் திட்டிட்டிருந்தோம்" என்றார்.

பெரிய பாக்கெட் கம்பெனிகள் ஊர்த் தண்ணீருக்கு ஏற்ற மாதிரி கலவை போடுவது எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்திருந்தும் என் ஷிஃப்ட்டில் அதைப் பற்றி நான் யோசித்ததில்லை, விலைதானே ரிப்போர்ட். இப்போது கவுண்டருக்கென்று ஒரு சின்ன பேட்ச்சை ஃபெர்மென்டிங்கில் கொஞ்சம் முன்னாலேயே எடுத்து டிரையருக்கு அனுப்பிப் பார்க்கிறேன், அப்படி எடுத்தால் கப் கொஞ்சம் பளிச்சென்றும் சுறுசுறுப்பாகவும் வரும், கடினநீரில் மங்கினாலும் ஏதோ மிஞ்சும் என்ற கணக்கு. பெரிய முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. லாட்டைத் துண்டு துண்டாகப் பிரித்தால் ஏலத்தில் அடிபடும் என்கிறார். அந்த அம்மா போன மாதம் கூரியரில் தூள் கேட்டு போன் செய்தபோது, வீட்டுத் தண்ணீர் ஒரு லிட்டர் அனுப்பி வையுங்கள் என்றேன். அனுப்பினார். உள்ளே என்ன, உள்ளே என்ன என்று கூரியர் ஆபீசில் கேட்டுக்கொண்டே இருந்தார்களாம், தண்ணீர் என்றால் யார் நம்புவார்கள். முன்னால் எடுத்த பேட்ச் அந்தத் தண்ணீரில் பரவாயில்லை, ஏடு மட்டும் போகவில்லை. சின்ன முதலாளி இப்போது திண்டுக்கல், விருதுநகர் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் தண்ணீர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.